நாக்கு தொட்ட இடம்

பல்செட்டுக்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. பல் டாக்டர் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். டாக்டர் முன்னறையில் வெள்ளைக் கோட்டோடு நின்று "வலிக்கவே வலிக்காது" என்று கூசாமல் பொய் சொல்கிறவர். நம்மவர் பின்னறையில், ஜன்னலோரத்து மேஜையில், பிளாஸ்டர் தூசிக்கும் மெழுகு வாசனைக்கும் நடுவே உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய வாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர். டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். இவர் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, அதை வாயில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் மெழுகு இருந்த இடத்தில் அக்ரிலிக்கை அழுத்தி, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு இவர் கைவேலைதான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் இருக்கிறார்கள், செருப்பைப் பார்த்து எடைபோடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவருக்குப் பல்தான் கணக்கு. வேலைக்குப் போன இடத்தில் வேறு பாஷை பேசுகிற பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது என்று மகன் தயங்கித் தயங்கி போட்டோவை நீட்டியபோது, அவர் மனைவி "யாரு என்னன்னு தெரியாம" என்று ஆரம்பித்தாள். இவர் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து, "கீழ்வரிசை கொஞ்சம் நெருக்கம். மத்தபடி ஒரு குறையும் இல்ல" என்றார். அவ்வளவுதான் சம்மதம்.

மெழுகு நிலையில் செட்டை வாயில் வைத்துப் பார்க்கிற நாளில் டாக்டர் இவரையும் முன்னறைக்குக் கூப்பிடுவார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோயாளியின் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். "எங்க, சொல்லுங்க பாப்போம். சின்ன வெள்ளைப் பூனை தட்டுல இருந்த வாழைப்பழத்தைத் தள்ளிவிட்டுது." இந்தப் பூனையை இவரே கண்டுபிடித்தார். 'வெ' வரும்போது கீழுதடு மேல்பல்லை உரச வேண்டும். 'த' வரும்போது நாக்கு நுனி பல்லின் பின்பக்கம் இடிக்க வேண்டும். 'ட'வுக்கும் 'ள'வுக்கும் 'ழ'வுக்கும் நாக்கு மடிந்து மேல்வாய்க்கு ஏற இடம் இருக்க வேண்டும். 'ச'வில் விசில் அடித்தால் பல் தப்பு. பூனை எங்கும் தடுக்கி விழாமல் பழத்தைத் தள்ளிவிட்டால் செட் தேறியது. "வாய்னு ஒண்ணு இருந்தா அதுக்கு இந்தப் பூனை போதும்" என்று டாக்டரிடம் சொல்லுவார். டாக்டரும் தலையாட்டுவார். அவருக்கு அடுத்த நோயாளி காத்திருப்பார்.

பேத்தி பிறந்ததும் மருமகளின் அப்பா வந்து சேர்ந்தார். அவர் தன் ஊர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். மனைவியை இழந்தவர். மீன் வரத்து குறைந்த சில மாதங்கள் மட்டும் அவருக்கு ஓய்வு. அந்த ஓய்வைப் பேத்தியோடு கழிக்க ஒரு பெட்டியும் பெரிய தொண்டையுமாக வந்து இறங்கினார். நம் பாஷையில் கொஞ்சம் பேசுவார். ஆனால் குறிலும் நெடிலும் அவருக்கு ஒன்றுதான். காலையில் எழுந்ததும் "என் பால் எங்கே?" என்று கேட்பார். பல்செட்டுக்காரரின் மனைவி ஒரு டம்ளர் பாலைச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் மரியாதைக்கு அதைக் குடித்துவிட்டு, பொக்கை வாயைக் காட்டி மறுபடியும் கேட்பார். அவள் மட்டும் என்ன ஒழுங்கு? அவருடைய ஊரின் பெயர் மூன்று மெய்யெழுத்துகளோடு ஒரே மூச்சில் தொடங்கும். இவளால் அது ஆகாது. முன்னால் ஒரு 'இ', நடுவில் ஒரு 'உ', முடிவில் இன்னொரு 'உ' என்று போட்டு அந்த ஊரையே இரண்டு மடங்கு நீளமாக்கிவிடுவாள். சம்பந்திக்குத் தன் ஊர் எது என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் மகளோடு உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஏலம் விடுகிற வேகத்தில் என்னென்னவோ சொல்லுவார். மருமகள் அதற்குப் பதில் சொல்லுவாள், குறுக்கே பேசுவாள், விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நம் பாஷையில் அவள் அளந்து பேசும் நல்ல பெண். தன் பாஷையில் அவள் வாயாடி என்பது அப்போதுதான் வெளியே வந்தது. கைக்குழந்தையும் அந்த இரண்டு வாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கிடக்கும்.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் காய்ந்த ரொட்டியைக் கடித்து சம்பந்தியின் மேல்செட் இரண்டாக உடைந்தது. எல்லோரும் ஐயோ என்றார்கள். பல்செட்டுக்காரர் மட்டும் உள்ளூரச் சந்தோஷப்பட்டார். வந்த நாளிலிருந்து அந்தச் செட் அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. உடைந்த துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இது பல்செட்டா, விளையாட்டுச் சாமானா? முன்பல்லைப் பாரு, ஒரு நூல் வெளிய தள்ளி நிக்குது. மேல்வாய்ப் பக்கம் எவ்வளவு மெலிசு! வெளிச்சம் தெரியுது. இப்படிச் சுரண்டி வெச்சா உடையாம என்ன பண்ணும்? கவலைப்படாதீங்க சம்பந்தி. நான் பண்ணித் தரேன் பாருங்க, கல்லு மாதிரி."

அந்தத் துண்டுகளைத் தன் பின்னறை லேப்பில் குப்பைக்கூடையில் போட்டார். போடும்போது கொஞ்சம் ஓங்கியே போட்டார்.

சம்பந்திக்குச் செய்வது என்பதால் இருப்பதிலேயே நல்ல பற்களைத் தேர்ந்தெடுத்தார். முன்வரிசையை உள்ளே இழுத்து நேராக நிறுத்தினார். மேல்வாய்ப் பக்கம், முன்பல்லுக்குப் பின்னால், உடையக் கூடாது என்று கனமாகவே விட்டார். மெழுகில் வைத்துப் பார்த்த அன்று சம்பந்தி அவருக்குத் தெரிந்த மாதிரி பூனையைச் சொன்னார். பூனை நீண்டது, பழம் குறுகியது, ஆனால் ஒன்றும் தடுக்கவில்லை, விசில் இல்லை. முடித்துப் போட்டுவிட்டபோது அவருக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. டாக்டர் கைகொடுத்தார். மனைவிகூட "மாப்பிள்ளை மாதிரி இருக்கார்" என்றாள். பல்செட்டுக்காரருக்கு அன்று தலை கால் புரியவில்லை.

அதற்கு அப்புறம்தான் வீட்டில் சத்தம் குறைய ஆரம்பித்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. சம்பந்தி கொஞ்சம் பேசினார், நிறுத்தி நாக்கால் பல்லைத் துழாவினார், மறுபடியும் பேசினார். மருமகள் "ஆங்?" என்று திருப்பிக் கேட்டாள். அவர் அதையே இன்னொரு தடவை சொன்னார். நாளாக ஆக, அவள் கேட்பதற்கு முன்னாலேயே கையை ஆட்டி விட்டுவிட்டார். நம் பாஷையில் மட்டும் "நன்றி, போதும், நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடி வாயை மூடி ஏதோ ராகம் இழுத்தார். ஏலம் விட்ட வாய் அது.

"புதுச் செட்டுன்னா அப்படித்தான். பழகிடும்" என்றார் பல்செட்டுக்காரர். பழகவில்லை. ஒரு நாள் மத்தியானம் மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லேப்புக்கே வந்துவிட்டாள். வந்தவள் உட்காரவில்லை.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா ஊருக்குத் திரும்பிப் போறேங்கறார்."

"ஏம்மா? இங்க என்ன குறை?"

"வாயில வார்த்தை வரலையாம். எங்க பாஷையில ரெண்டு சத்தம் இருக்கு. புதுப் பல்லுல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. பாதி வார்த்தை வேற வார்த்தையாயிடுது. அவர் வெட்கப்படறார் மாமா. ஏலத்துல அவர் பேசினா துறைமுகமே நிக்கும். இப்ப என்கிட்டயே பேச மாட்டேங்கறார்."

"என்ன ரெண்டு சத்தம்? எங்க, சொல்லு."

அவள் சொன்னாள். ஒன்று. இரண்டு.

"ஸ்" என்று கேட்டது அவருக்கு. இன்னொரு தடவையும் "ஸ்" என்றுதான் கேட்டது.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்ல மாமா, நல்லாக் கேளுங்க." மறுபடியும் சொன்னாள். காதைக் கிட்டே கொண்டுபோனார். பல் தேய்க்கிற மோட்டாரை நிறுத்தினார். தெருவில் போன லாரி கடந்து போகும்வரை பொறுத்திருந்து மறுபடியும் கேட்டார். ஒரே சத்தம். இந்தப் பெண் நம்மைக் கிண்டல் பண்ணுகிறதோ என்று ஒரு கணம் சந்தேகம்கூட வந்தது. அவள் முகத்தில் கிண்டல் இல்லை. தூங்கின பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"நம்ம பாஷையில பூனையை அழகாச் சொன்னாரேம்மா."

"உங்க பூனையில எங்க சத்தம் இல்லையே மாமா."

அவருக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. "சத்தம்னா சத்தம்தானே, இவ்வளவு நுணுக்கமா யாரு கேக்கப் போறா?" என்றார்.

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். "மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க 'ல'வும் 'ள'வும் சொல்றப்ப எனக்கு இன்னிவரைக்கும் ஒண்ணாத்தான் கேக்குது. கல்யாணம் ஆகி வந்ததிலேருந்து ஊகத்துலதான் ஓட்டறேன்."

"கிளியும் கிலியும் ஒண்ணாவா கேக்குது?"

"எது முதல்ல சொன்னீங்க, எது ரெண்டாவது சொன்னீங்கன்னே தெரியல."

அவள் விடவில்லை. "'க' சொல்லுங்க மாமா. பக்கம், தங்கம், முகம். தொண்டையில கை வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க." சொன்னார். "பக்கத்துல நடுவுல அதிர்வு நின்னு போகுது. தங்கத்துல நிக்காம அதிருது. முகத்துல நாக்கு ஒட்டவே இல்ல, காத்துதான் வழியுது. எங்களுக்கு இது மூணும் மூணு சத்தம். ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தினா அர்த்தம் மாறிடும். நீங்க மூணையும் சொல்றீங்க, ஒண்ணுன்னு நினைக்கிறீங்க."

"'க' 'க'தானே!" என்றார் அவர். ஆனால் தொண்டையிலிருந்த கை வேறு கதை சொன்னது.

கடைசியாக அவள் எதற்கு வந்தாளோ அதைச் சொன்னாள். குழந்தையை எடை போட வந்த நர்ஸம்மா சொன்னாளாம்: பிறந்த குழந்தைக்கு எந்த ஊர் பாஷையின் சத்தமும் பிரித்துக் கேட்குமாம். ஒரு வயது ஆகும் தறுவாயில், தன்னைச் சுற்றிப் பேசுகிறவர்கள் எந்த எந்தச் சத்தத்தைப் பிரித்துப் பேசுகிறார்களோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் காது விட்டுவிடுமாம். "நான் ஒருத்தி குழந்தைகிட்டப் பேசினா அது பாஷை இல்ல மாமா, புலம்பல். ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் பேசறதைக் கேட்டாத்தான் அது பாஷைன்னு அதுக்குத் தெரியும். இந்த ஊர்ல என்னை விட்டா அப்பா ஒருத்தர்தான். அவர் வாயும் மூடிக்கிட்டா..." எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பின் வந்த நாட்களில் அவரைப் பார்த்தவர்கள் தொண்டையில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்திருப்பார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "பக்கம், தங்கம், முகம்" என்று முனகினார். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மிட்டாயை நீட்டினார். லேப்பில் பூனை சொல்ல வந்த நோயாளிகளை "தங்கம் சொல்லுங்க" என்று கேட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இத்தனை காலம் பேசின வாய்க்குள் என்ன நடக்கிறது என்று தனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது, இத்தனைக்கும் வாய்தான் தன் பிழைப்பு என்ற எண்ணம் அவரை உட்காரவிடவில்லை. ஒரு வாயால் எத்தனையோ சத்தம் போடலாம், ஒவ்வொரு பாஷையும் அதில் கொஞ்சத்தைப் பொறுக்கி வைத்துக்கொண்டு மீதியைக் கண்டுகொள்வதில்லை என்று ஓரளவு புரிந்த மாதிரி இருந்தது. உடனே புரியாமலும் போனது. கண்டுகொள்ளாத சத்தம் எங்கே போகிறது? காதில் விழத்தானே செய்கிறது? விழுந்தும் ஏன் கேட்கவில்லை? மனைவியிடம் கேட்டார். "நான் கூப்பிடறது உங்களுக்கு எத்தனை தடவை கேட்டிருக்கு? அது மாதிரிதான்" என்றாள் அவள்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது அவருக்கு. செட்டில் தப்பு இருக்கிறது. தப்பு எங்கே என்று காதுதான் சொல்ல வேண்டும். காது கைவிரித்துவிட்டது. சம்பந்தியோ பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு மேல் வைத்துவிட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் மனைவி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் தூவியிருந்த மாவில் குழந்தையின் கை பட்டு, அஞ்சு விரலும் பதிந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். வேலை பழகின காலத்தில் ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செட்டின் மேல்வாய்ப் பக்கம் மெல்லிசாக மாவைத் தூவி, வாயில் வைத்து ஒரே ஒரு சத்தம் மட்டும் சொல்லச் சொல்லி, உடனே எடுத்துப் பார்த்தால், நாக்கு தொட்ட இடத்தில் மாவு போயிருக்கும். தொடாத இடத்தில் இருக்கும். பூனையைக் கண்டுபிடித்த பிறகு அவருக்கு அது தேவைப்படவில்லை, மறந்தே போயிருந்தார்.

"அம்மா, நாளைக்கு லேப்புக்கு வா. உன் வாய் வேணும்" என்றார் மருமகளிடம்.

அவள் மேல்வாய்க்கு அச்செடுத்தார்கள். டாக்டர் வைத்த இளஞ்சிவப்புக் கூழ் தொண்டைக்குள் இறங்க, அவள் கண்ணில் நீர் முட்ட, காலை உதைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். அந்த அச்சில் பல்லே இல்லாத, மேல்வாயை மட்டும் மூடுகிற ஒரு தகடு செய்தார். நகத்தைவிட மெலிசு. அதில் சோள மாவைத் தூவி, ஊதி, அவள் வாயில் பொருத்தினார்.

"முதல் சத்தம். ஒரே ஒரு தடவை. வாயை மூடாதே."

அவள் சொன்னாள். வெளியே எடுத்து விளக்கடியில் வைத்தார். இரண்டு ஓரத்திலும் நாக்கு துடைத்துவிட்டிருந்தது. நடுவில் காற்று போன வழி மட்டும் வெள்ளையாக, ஒடுங்கி, முன்பல்லின் பின்பக்கம் வரைக்கும் வந்திருந்தது. கழுவி, துடைத்து, மறுபடியும் மாவு போட்டு இரண்டாவது சத்தத்தைக் கேட்டார். இப்போது வெள்ளைவழி அகலமாக இருந்தது. நாக்கு தொட்ட தடம் பின்னால் நகர்ந்திருந்தது. நம்ப முடியாமல் திரும்பச் செய்தார். முதலாவது அங்கேயேதான், இரண்டாவது இங்கேயேதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு எப்படி மாற்றிச் சொன்னாலும் மாவு மட்டும் சரியாகச் சொல்லிவிட்டது.

காதுக்கு ஒன்றாக இருப்பது கண்ணுக்கு இரண்டாக இருந்தது. அவருக்கு லேசாகப் பயமாகக்கூட இருந்தது. எதிரே நின்று ஒருத்தி இரண்டு சத்தம் போடுகிறாள், தனக்கு மட்டும் ஒன்று கேட்கிறது. வீட்டுக்குள் இத்தனை நாள் இன்னும் என்னென்ன நடந்து தனக்குக் கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்தார்.

அப்புறம் சம்பந்தியைக் கூட்டிவந்து, அவருடைய புதுச் செட்டில் மாவைத் தூவினார். முதல் சத்தத்துக்கும் இரண்டாவது சத்தத்துக்கும் ஒரே இடத்தில்தான் மாவு துடைபட்டுப் போயிருந்தது. உடையக் கூடாது என்று கனமாக விட்டாரே, அந்த மேட்டில். நாக்கு முன்னே போகப் பார்த்து, மேட்டில் முட்டி, அங்கேயே நின்றுவிட்டிருந்தது.

மேட்டைத் தேய்த்தார். மாவு போட்டுப் பார்த்தார். போதவில்லை. இன்னும் தேய்த்தார். முன்பல் உள்ளே இருப்பதால் நாக்குக்கு இடம் போதவில்லை என்று தெரிந்தது. அக்ரிலிக்கில் பல் இறுகிவிட்டால் அப்புறம் நகர்த்த முடியாது. புதிதாக ஒரு செட் மெழுகில் அடுக்க ஆரம்பித்தார். பல்லை ஒரு நூல் வெளியே தள்ளினார். மேல்வாய்ப் பக்கத்தை மெலிசாக்கினார். மருமகளின் தகட்டில் இருந்த தடமும் சம்பந்தியின் தடமும் ஒத்துப்போகிற வரைக்கும் ஓய்வு நேரம் முழுவதும் அதே வேலைதான். கடைசியில் முடித்து, மெருகேற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, மேல்வாய் வழியாக ஜன்னல் தெரிந்தது.

அப்போதுதான் கையில் இருப்பது என்னவென்று அவருக்கு உறைத்தது. தள்ளி நிற்கிற முன்பல், சுரண்டின மேல்வாய். விளையாட்டுச் சாமான் என்று சிரித்து, குப்பையில் ஓங்கிப் போட்டாரே, அதே செட். அதை எந்த ஊரிலோ ஒருவன் தன் பூனையைச் சொல்லவைத்துத்தான் செய்திருக்கிறான். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாரும் பக்கத்தில் இல்லாததால் அந்த வெட்கத்தை அவர் ஒளிக்கவும் இல்லை.

வீட்டில் கூடத்தில் வைத்துச் செட்டைக் கொடுத்தார். சம்பந்தி போட்டுக்கொண்டார். நாக்கால் துழாவினார். மகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அவள் அசையாமல் நின்றாள். இன்னொன்று சொன்னார். அவள் பதிலுக்கு ஏதோ சொன்னாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். குழந்தையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு, வீடு அதிரும்படி ஏலம் விட ஆரம்பித்தார். யாரை யாருக்கு எவ்வளவுக்கு விற்றாரோ தெரியாது, மருமகள் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பல்செட்டுக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எல்லாம் "ஸ்" என்றுதான் கேட்டது. முன்பு பேசினதற்கும் இப்போது பேசுகிறதற்கும் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை மட்டும் ஆட்டினார்.

மீன் வரத்து ஆரம்பிக்கிறவரைக்கும் சம்பந்தி இருந்தார். அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு அதற்கு முன்னால் இருந்ததில்லை. போகிற அன்று அவர் பல்செட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு, "சம்பந்தி, நல்ல பால்" என்று தன் வாயைத் தொட்டுக் காட்டினார். இந்தத் தடவை யாரும் சமையலறைக்கு ஓடவில்லை.

அவர் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. மருமகள் தனியாகவே குழந்தையிடம் பேசினாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. பல்செட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருப்பார். குழந்தைக்கு மருமகளின் அம்மாவுடைய பெயர். அதில் அந்த இரண்டு சத்தத்தில் முதலாவது இருந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு அது ஒரு 'ஸ்', அவ்வளவுதான்.

"அம்மா, நான் குட்டியை அவ பேர் சொல்லிக் கூப்பிடறது சரியா இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டார்.

மருமகள் சிரித்தாள். "நல்லா இருக்கு மாமா." சரியாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அது மட்டும் அவர் காதில் நன்றாகவே விழுந்தது.

அடுத்த நாள் லேப்பில் தன் மேல்வாய்க்கே அச்செடுத்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று குமட்டலை அடக்கிக்கொண்டபோதுதான், மருமகளை எவ்வளவு படுத்தினோம் என்று தெரிந்தது. தகடு தயாரானது. மாவைத் தூவி வாயில் வைத்து, பேத்தியின் பெயரைச் சொல்லி, எடுத்துப் பார்த்தார். நாக்கு எங்கேயோ பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. பேத்தி பிறந்ததிலிருந்து வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கழுவினார், துடைத்தார், மாவு போட்டார், சொன்னார். இன்னும் பின்னால்தான். நாக்கை முன்னே தள்ளினால் 'த' மாதிரி ஆனது, இழுத்தால் பழையபடி ஆனது. டாக்டர் எட்டிப் பார்த்து, "உங்களுக்கு எப்பப்பா பல் போச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எத்தனை நாள் அப்படிச் செய்தார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சமயம் தடம் சரியாக விழும், மறுபடியும் செய்தால் தவறும். இரண்டு தரத்துக்கும் காதில் ஒரே சத்தம். கண்ணைக் கட்டிக்கொண்டு பல் அடுக்குகிற வேலைதான். மாவைப் பார்த்து, நாக்கு எங்கே இருந்தது, உதடு எப்படி இருந்தது, மூச்சு எவ்வளவு என்று உடம்பால் ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழந்தை கூடத்துத் தரையில் கவிழ்ந்து படுத்து ஒரு டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தது. மருமகள் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பல்செட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, தகடு இல்லாமல், மாவு இல்லாமல், நாக்கை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

உள்ளே துணி விழுகிற சத்தம் கேட்டது. மருமகள் தன் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே ஓடிவந்தாள். "அப்பா" என்பதற்கு அவள் சொல்லும் வார்த்தை மட்டும் அவருக்குத் தெரியும். அது அதில் இருந்தது. வாசல் கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. கூடத்தில் மாமனாரும் குழந்தையும்தான் இருந்தார்கள்.

"யாரு மாமா கூப்பிட்டா?"

"நான்தாம்மா."

அவள் அவர் எதிரில் மெதுவாக உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். அவள் கண் நிறைந்துவிட்டது. அவருக்குக் கலவரமாகப் போனது. முதல் தடவைக்கும் இப்போதைக்கும், நேற்றைக்கும் இன்றைக்கும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்னம்மா, சரியா தப்பா? சொல்லித் தொலையேன். எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் குழந்தையின் பக்கம் கையைக் காட்டினாள். அது டப்பாவை விட்டுவிட்டு, தலையைத் தூக்கி, அம்மாவை ஒரு தரம் பார்த்தது. அப்புறம் அவர் வாயைப் பார்த்தது. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார்.